மலைப்பாதையும் மோட்டார் லைசென்ஸும்

கச்சிராயபாளையத்தைக் கடந்து, கல்வராயன் மலைமீது வளைந்து வளைந்து ஏறி வெள்ளிமலைக்குச் செல்லும் பாதையில் சமீபத்தில் நாம் பிரயாணம் செய்ய நேர்ந்தது. ஒரு கொண்டையூசி வளைவில் நமது வண்டி திரும்பும் சமயத்தில், மேலேயிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் சத்தமே இல்லாமல் வந்து, நம்மை மயிரிழையில் தப்பி, ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிய பள்ளிக்கூடப் பையன் ஒருவனுடைய முழங்கையை உரசிச் சிறிது தூரம் போய் நின்றது. சத்தமில்லாமல் வந்ததற்குக் காரணம், பெட்ரோலை மிச்சம் பிடிப்பதற்காக இஞ்சினை நிறுத்திவிட்டுச் சரிவில் வண்டியை உருளவிட்டதுதான். ஓட்டிவந்தவனுக்குப் பதினாறு வயதுக்குமேல் இராது. பின்னால் அவனுடைய தாயார். இருவருக்கும் நடுவே ஒரு சாக்கு மரவள்ளிக்கிழங்கு.

லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டோம். கோர்ட்டில் பழகிய நாக்கு. அந்தச் சமயத்தில் கேட்கத்தக்க கேள்வி அதுவன்று என்பது பிறகுதான் தோன்றிற்று. “பஸ்ஸு போயிடுச்சுங்க ஐயா. அடுத்த பஸ்ஸுக்கு நின்னா சந்தை முடிஞ்சிடும்” என்று அந்த அம்மாள் விடையளித்தாள். இந்த விடைக்கு 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் எந்த ஷரத்திலும் இடமில்லை. உரசுப்பட்ட பையனோ ஒன்றும் சொல்லாமல், முழங்கையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிச் சென்றான். அவனைப்பற்றியும் சட்டம் அதிகமாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மலைநாட்டு ஜனங்களுக்குச் சட்டமே வேண்டியதில்லை என்று நாம் வாதிக்க வரவில்லை. பதினாறு வயதுப் பையன் இஞ்சினை நிறுத்திவிட்டு மலைச்சரிவில் இறங்குவது அவனுடைய உயிருக்கும், தாயின் உயிருக்கும், எதிரே வருகிறவர் உயிருக்கும் உலை வைக்கும் காரியமே. ஆனால் லைசென்ஸ் விஷயத்தில் சர்க்காரின் தண்டிக்கும் கை மலையேறிவிட்டது. கற்பிக்கும் கை இன்னும் அடிவாரத்திலேயே நிற்கிறது என்பதே நமது புகார். இதனால் நேரும் நஷ்டம் அபராதத் தொகையோடு நிற்பதில்லை. விபத்து நேர்ந்த பிறகு, குடும்பத்துக்கு நியாயமாகக் கிடைக்கவேண்டிய நஷ்டஈடும் இதனாலேயே பறிபோகிறது. இந்தப் பிந்திய விஷயம் தேச ஊழியர்களில் பலருக்கும் தெரியாதாகையால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் தண்டனையைப் பார்ப்போம். 2019-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டத்தால், லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டுவதற்கு இருந்த 500 ரூபாய் அபராதம் 5,000 ரூபாயாயிற்று. புதிய அபராத விகிதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தன. பதினெட்டு வயது நிரம்பாதவன் மோட்டார் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், 199-ஏ பிரிவின்படி அவனுடைய தகப்பனாரோ வண்டிக்குச் சொந்தக்காரரோ மூன்று வருஷம்வரை சிறையிருக்க நேரிடலாம்; 25,000 ரூபாய் அபராதமும் உண்டு; வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்தாகும்; பையனுக்கு இருபத்தைந்து வயது நிரம்பும் வரையில் லைசென்ஸ் கிடையாது. பட்டணத்தில், செல்வப் பிள்ளைகள் தகப்பனாரின் காரை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் பந்தயம் விடுவதை நினைத்து இந்தப் பிரிவை எழுதினார்கள் போலும். அதைக் குறை கூறோம். சாமையும் தினையும் விதைத்து, கடுக்காயும் புளியும் பொறுக்கிச் சீவிக்கும் மலையாளிக் குடும்பத்தின்மீது அதே பிரிவு விழும்போது என்னவாகும் என்பதை மட்டும் நேயர்கள் யோசிக்கட்டும்.

லைசென்ஸ் பெறுவது கஷ்டமா என்று கேட்கலாம். கள்ளக்குறிச்சி நகரவாசிக்குக் கஷ்டமில்லை. மலைவாசிக்கு அது பல நாள் கூலி. முதலில் பழகுநர் லைசென்ஸ். அதற்குக் கம்ப்யூட்டரில் விண்ணப்பம், ஆதார் அட்டை, கைபேசிக்கு வரும் இரகசிய எண். பிறகு ஒரு மாதமாவது காத்திருந்து, அந்த லைசென்ஸின் ஆறுமாத ஆயுள் முடிவதற்குள் கீழே இறங்கி வந்து, வண்டியை ஓட்டிக்காட்டவேண்டும். கைபேசிக்குச் சமிக்ஞை எட்டாத குக்கிராமத்தில் இரகசிய எண் எப்படி வந்து சேரும் என்பதைத் திட்டம் வகுத்தவர்கள்தாம் சொல்லவேண்டும். இது தவிர, தரகர் என்றொரு ஜாதி உண்டு. அவர்களைப்பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பத்தி போதாது.

பரீட்சைதான் எத்தகையது? சமதரையில் எட்டுப் போட்டுக் காட்டவேண்டும். எட்டுப் போடுவதற்கும் மலையிறங்குவதற்கும் உள்ள சம்பந்தம் நமக்கு விளங்கவில்லை. மலையில் வண்டி ஓட்டுகிறவனுக்குத் தெரியவேண்டியவை வேறு. இஞ்சினை நிறுத்தாமல் தாழ்ந்த கியரில் இறங்கினால் இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மட்டும் நம்பி நெடுந்தூரம் அழுத்திக்கொண்டே வந்தால் அது காய்ந்து, கடைசி வளைவில் பிடிக்காமற்போகும். குறுகிய மலைப்பாதையில் இரண்டு வண்டிகள் எதிர்ப்பட்டால், இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிடவேண்டும் என்பது நமது சாலை விதிகளில் நெடுங்காலமாக உள்ளது. ஏறுகிறவன் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது கடினம் என்பதே காரணம். நம்மை உரசிச் சென்ற பையனுக்கு இவற்றில் ஒன்றையும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு இவை தெரியும் என்பதும் நமக்குச் சந்தேகமே.

லைசென்ஸ் என்பது தேர்ச்சிக்கு அத்தாட்சி என்ற எண்ணமே சற்றுத் தாமதமாகப் பிறந்தது. இங்கிலாந்தில் 1903-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஐந்து ஷில்லிங் கொடுத்தவருக்கெல்லாம் லைசென்ஸ் கிடைத்தது. பரீட்சை கட்டாயமானது 1935-இல்தான். நம் நாட்டில் 1914-ஆம் வருஷத்து மோட்டார் சட்டமும், அதன்பின் 1939-ஆம் வருஷத்துச் சட்டமும், இப்போதுள்ள 1988-ஆம் வருஷத்துச் சட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சரக்கு வண்டி, வாடகை வண்டி ஓட்டுகிறவர் எட்டாம் வகுப்பாவது தேறியிருக்கவேண்டும் என்ற நிபந்தனை 2019-இல் நீக்கப்பட்டது. பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட மலைநாட்டு இளைஞர்களுக்கு இது பெரிய உபகாரம். இலகு ரக மோட்டார் லைசென்ஸ் உள்ளவர், 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன பெஞ்சு 2024 நவம்பரில் தீர்ப்பளித்ததும் அவர்களுக்கு அநுகூலமே. கதவு திறந்திருக்கிறது. திறந்திருப்பதை மலையின்மேல் போய்ச் சொல்வாரில்லை.

இனி நஷ்டஈட்டு விஷயத்துக்கு வருவோம். வெள்ளிமலைப் பக்கத்தில் பஸ் இல்லாத வேளையில் ஜனங்கள் ஏறிச் செல்வது சிறிய சரக்கு வண்டிகளில்தான். பிக்கப் என்று எல்லோரும் சொல்வது அதையே. சந்தைக்கும், கல்யாணத்துக்கும், கோயிலுக்கும், பிரசவத்துக்கும் அதுவே வாகனம். பக்கத்து மலையில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2022 ஏப்ரலில் ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் ஜில்லா புலியூர் கிராமத்திலிருந்து மலைக்கோயிலுக்கு ஜனங்களை ஏற்றிச் சென்ற அத்தகைய வண்டியொன்று பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் பெண்கள்.

இப்படிப்பட்ட வண்டியில் ஏறிச்சென்று இறந்தவருடைய குடும்பத்துக்கு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி என்ன கொடுக்கக் கடமைப்பட்டது? சட்டப்படி பார்த்தால் ஒன்றுமில்லை. சரக்கு வண்டியில் பிரயாணிகளாக ஏறியவர்களுக்குக் கம்பெனி பொறுப்பாகாது என்று ஆஷா ராணி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2002-ஆம் வருஷக் கடைசியில் தீர்ப்புக் கூறியது. 1994-ஆம் வருஷத்துத் திருத்தத்தால் ஒரு விலக்கு மட்டும் உண்டு. வண்டியிலுள்ள சரக்குக்குச் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ உடன் சென்றால் அவருக்கு இன்ஷ்யூரன்ஸ் செல்லும். அவரும் டிரைவர் பக்கத்து அறையில் உட்கார்ந்து செல்லவேண்டும். பின்னால் சரக்கின்மேல் உட்கார்ந்தால் செல்லாது என்று பிற்காலத்துத் தீர்ப்பு கூறுகிறது. ஆகவே, கிழங்கு மூட்டைக்குச் சொந்தக்காரன் முன்னால் உட்கார்ந்து, அவன் மனைவியும் மகளும் பின்னால் உட்கார்ந்து, வண்டி கவிழ்ந்தால், கிழங்குக்காரனுக்குப் பணம் கிடைக்கும். மனைவிக்கும் மகளுக்கும் கிடைக்காது. வண்டிக்காரர்மீது டிகிரி வாங்கலாம். வாங்கி என்ன செய்வது? அவரிடம் இருந்தது அந்த ஒரு வண்டிதான். அதுவும் பள்ளத்தில் கிடக்கிறது. கம்பெனி முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று கோர்ட்டுகள் இரக்கப்பட்டு உத்தரவிட்டதும் உண்டு. இரக்கத்தை நம்பி ஒருவரும் மலையிறங்க முடியாது.

மோட்டார் சைக்கிள் விஷயமும் ஏறக்குறைய இதுவே. சட்டம் கட்டாயப்படுத்தும் குறைந்தபட்ச இன்ஷ்யூரன்ஸ் மட்டும் இருந்தால், பின்னால் உட்கார்ந்தவருக்கு அது செல்லாது. சொந்தக்காரரே ஓட்டி இறந்தால் கிடைக்கவேண்டிய 15 லட்ச ரூபாயும் செல்லத்தக்க லைசென்ஸ் இருந்தால்தான். நாம் பார்த்த அந்தப் பையனும் தாயாரும் அன்றைக்குப் பள்ளத்தில் விழுந்திருந்தால், வீட்டில் எஞ்சியவர்களுக்கு ஒரு காசும் வந்திராது. பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் அப்படியே. 5,000 ரூபாய் அபராதத்தைப்பற்றி மலையில் எல்லோருக்கும் தெரியும். இதை ஒருவரும் சொல்லக் கேட்டிலோம்.

சைக்கிளைத் தள்ளிச் சென்ற பையனின் நிலை சட்டத்தில் கொஞ்சம் மேல். அவன் மூன்றாம் கட்சிக்காரன். மோட்டார் வண்டி அவன்மீது மோதினால், ஓட்டியவனுக்கு லைசென்ஸ் இல்லாவிட்டாலும், கம்பெனி முதலில் அவனுக்குக் கொடுத்துவிட்டுச் சொந்தக்காரரிடம் வசூலிக்க உத்தரவாகலாம். ஸ்வரண் சிங் வழக்கில் 2004-இல் ஏற்பட்ட வழி இது. மோதிய வண்டி நிற்காமல் ஓடிப்போய் இன்னதென்றே தெரியாவிட்டால், சர்க்கார் நிதியிலிருந்து மரணத்துக்கு 2 லட்சமும் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் இந்த விகிதம். ஆனால் டிரிப்யூனலில் எதிர்க்கட்சி வக்கீல் கேட்கும் முதற்கேள்வி, சைக்கிளில் விளக்கு இருந்ததா என்பதே. இல்லையென்றால், விபத்தில் அவனுக்கும் பங்குண்டு என்று தொகையில் ஒரு பாகம் குறையும். மனுவையும் ஆறு மாதத்துக்குள் போட்டாகவேண்டும். மலையிலிருந்து துக்கம் தீர்ந்து இறங்கி வருவதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும்.

சைக்கிள் விளக்கு என்றதும் ஒரு பழைய சங்கதி நினைவுக்கு வருகிறது. முன்காலத்தில் முனிசிபாலிடிகள் சைக்கிளுக்கு வரி விதித்து ஒரு தகர வில்லையைக் கொடுக்கும். வில்லையில்லாத சைக்கிளும், விளக்கில்லாத சைக்கிளும், இரட்டைச் சவாரியும் கான்ஸ்டபிளுக்குச் சாயங்கால வேட்டை. அந்தத் தொந்தரவு ஒழிந்தது நல்லதே. தொந்தரவோடு விளக்கும் ஒழிந்துபோயிற்று என்பதுதான் சங்கடம்.

தமிழ்நாட்டு சர்க்கார் 2001-ஆம் வருஷத்திலிருந்து பள்ளி மாணவர்களுக்கு இலவச சைக்கிள் கொடுத்துவருகிறது. முதலில் பதினோராம் வகுப்பு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். பின்னர் சர்க்கார் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும் எல்லோருக்கும் விரித்தார்கள். பெரிய தர்மம் இது. இதனால் படிப்பைத் தொடர்ந்த பெண்கள் ஏராளம். நாம் கேட்பது ஒன்றே. சைக்கிளைக் கொடுக்கும் அன்றைக்கு, சாலையில் எப்படிப் போகவேண்டும் என்று ஒரு மணி நேரப் பாடமாவது உண்டா? அந்தச் சைக்கிள் போவதற்குச் சாலையில் இரண்டு முழ அகலமாவது ஒதுக்கினார்களா?

அடிவாரத்தில் சேலம் – உளுந்தூர்பேட்டை தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. நாலு வரிசைச் சாலையாக அதை முதலில் அமைத்தபோது, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம் முதலிய ஊர்களின் புறவழிகளில் மட்டும் இரண்டு வரிசையாகச் சுருக்கிவிட்டார்கள். நாலு வரிசையில் பறந்து வந்த வண்டிகள் திடீரென்று எதிர்முகமாகச் சந்தித்த விபத்துக்களை இந்த ஜில்லாவாசிகள் அறிவர். அப்படிப்பட்ட சாலையின் ஓரத்தில்தான் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிள் விடவேண்டும். இங்கிலாந்தின் சாலை விதிப் புத்தகம் 2022 ஜனவரியில் திருத்தப்பட்டபோது, சைக்கிள்காரரைத் தாண்டுகிற மோட்டார் வண்டி குறைந்தது ஒன்றரை மீட்டர் இடம் விடவேண்டும் என்றும், அதிகத் தீங்கு செய்யவல்ல வண்டிக்கே அதிகப் பொறுப்பு என்றும் எழுதினார்கள். பிரான்ஸில் ஊருக்குள் ஒரு மீட்டர், வெளியே ஒன்றரை. நமது நாட்டிலும் 2019-ஆம் வருஷத்துத் திருத்தம், பாதசாரிகளுக்கும் மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் தனி விதிகள் செய்ய மாகாண சர்க்கார்களுக்கு 138-ஆம் பிரிவில் அதிகாரம் கொடுத்திருக்கிறது. அபராதத்தை உயர்த்திய அதே திருத்தந்தான் இந்த அதிகாரத்தையும் கொடுத்தது. எதை முதலில் எடுத்து உபயோகித்தார்கள் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

2022-இல் இந்தியாவின் சாலைகளில் இறந்தவர் 1,68,491 பேர். அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். ஒரு யுத்தத்தில் இவ்வளவு பேர் மாண்டால் சட்டசபை ஒத்திவைக்கப்படும். இந்த அநியாயத்தைக் கண்டு பொறுக்காமல் 2012-இல் சுப்ரீம் கோர்ட்டின் கதவைத் தட்டியவர் ஒரு தமிழரே. கோயமுத்தூர் கங்கா ஆஸ்பத்திரியின் எலும்பு வைத்தியர் டாக்டர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கினால்தான் நீதிபதி கே. எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் கமிட்டி ஏற்பட்டது. ஜில்லாதோறும் ஒரு கமிட்டி இயங்கவேண்டும் என்ற உத்தரவும் 2017 நவம்பரில் பிறந்தது. உடைந்த எலும்புகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தவர், உடைவதை நிறுத்த வழியில்லையா என்று கேட்டார். வக்கீல்களாகிய நமக்கு அந்தக் கேள்வி முதலில் தோன்றாதது வெட்கமே.

அந்த ஜில்லாக் கமிட்டி கள்ளக்குறிச்சியிலேயே கூடிக் கலையாமல், வருஷத்தில் இரண்டு தடவையாவது வெள்ளிமலையில் கூடட்டும். வெள்ளிமலை இப்போது தாலூகாவின் தலைமை ஊர். 2019 நவம்பரில் பிறந்த புது ஜில்லா, பழைய ஜில்லாவின் அலட்சியத்தையும் சுவீகரிக்கவேண்டிய அவசியமில்லை. மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் மாதம் ஒரு நாள் மலைக்கு வந்து, விண்ணப்பம் வாங்கி, மலைச்சரிவிலேயே ஓட்டச்சொல்லிப் பார்த்து லைசென்ஸ் கொடுக்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். ஒரு ஜீப்பும் ஒரு குமாஸ்தாவும் போதும். சந்தை நாட்களில் பஸ் அதிகமாக விடட்டும். பஸ் வந்தால் பிக்கப்பில் ஏறுவாரில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டவர் மாண்ட பிறகு, சென்னை ஹைகோர்ட்டு கல்வராயன் மலைவாசிகளின் வாழ்க்கை நிலையைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துச் சாலை, போக்குவரத்து முதலிய வசதிகளைப்பற்றிக் கேள்வி எழுப்பியது. மலையைப்பற்றிப் பேசுவதற்கு அத்தனை பிணங்கள் வேண்டியிருந்தன.

சர்க்கார் செய்யும்வரை தேச ஊழியர்கள் காத்திருக்கவேண்டியதில்லை. புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால் எழுத்தோடு சைக்கிளும் கற்பிக்கப்பட்டது. வீட்டைவிட்டு வெளியே வராத கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகி, தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு சாலைக்கு வந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அந்த மாதிரியில் பத்துப் பேர் மலைக்குப் போய், பள்ளிக்கூடத்துத் திண்ணையில் உட்கார்ந்து, எந்த வண்டியில் ஏறினால் எந்த நஷ்டஈடு போகும் என்பதைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. இஞ்சினை நிறுத்தாமல் இறங்குவது எப்படி என்பதை, மலைப்பாதையில் பழகிய பஸ் டிரைவர் ஒருவரைக்கொண்டு காட்டச் செய்யலாம்.

நம்மால் ஆனது அச்சுத் தொழில். சரக்கு வண்டி, பின் ஸீட்டு, சைக்கிள், ஆறு மாதக் கெடு ஆகிய விஷயங்களில் சட்டம் கூறுவதை, எழுத்துக்கூட்டி வாசிப்பவருக்கும் புரியும்படி ஒரு பக்கத் துண்டுப் பிரசுரமாக நமது அச்சுக்கூடத்தில் அச்சிடச் சொல்லியிருக்கிறோம். மலைக்குக் கொண்டுபோக முன்வருகிற தொண்டர்கள், எத்தனை பிரதி வேண்டும் என்பதை நமது காரியாலயத்துக்குத் தெரிவித்தால், தபால் செலவில்லாமல் அனுப்பி வைப்போம்.